மைக்குக்குத் தைத்த உறை

அம்பிளிபயர் பழுதானால் அது முதலில் மூக்குக்குத்தான் தெரியும். உள்ளே கம்பிச் சுருள் கருகினால் ஒரு மணம், கண்டென்சரின் மெழுகு உருகினால் வேறொரு மணம். அன்றைக்கு என் பெட்டியில் இரண்டும் இல்லை. வால்வுகளில் தூசி சூடாகும் வழக்கமான மணம் மட்டும் வந்தது. பெட்டியில் ஒரு குறையும் இல்லை என்று மூக்கு நேர்மையாகச் சொன்னது. நான்தான் நம்பவில்லை. ஏன் நம்பவில்லை என்று யோசித்தால் இப்போதும் முகம் சுடுகிறது.

யுத்த காலத்தில் நான் விமானத் தளத்தில் பற்றறி என்ற மின்கலம் சுமந்தவன். வயர்லெஸ் அறைக்குப் பற்றறியைக் கொண்டுபோய் வைப்பது, பழையதைத் தூக்கி வருவது, இதுதான் வேலை. அங்கே என் தகப்பன் யார், எந்தக் குறிச்சி என்று யாரும் விசாரிக்கவில்லை. வெள்ளைக்காரனுக்கு நாங்கள் எல்லாரும் ஒரே கறுப்பு. அந்த அவமதிப்பில் எனக்கு ஒரு சுகம் இருந்தது, ஏனென்றால் வேளாளப் பெடியன்களும் என்னோடு சேர்ந்துதான் அதை வாங்கினார்கள். ஓய்ந்த நேரத்தில் கழித்துப் போட்ட வயர்லெஸ் செற்றுகளைப் பிரித்துப் பார்த்தேன். ஈயம் பற்றவைக்கப் பழகினேன். எந்த வால்வு என்ன வேலை செய்கிறது என்று தட்டித் தடவித் தெரிந்துகொண்டேன்.

யுத்தம் முடிந்து தளத்தில் ஆட்களைக் குறைத்தபோது கொழும்புக்குப் போய், பட்டாளம் ஏலத்தில் விட்ட சாமான்களில் ஒரு அம்பிளிபயரை வாங்கி வந்தேன். சாம்பல் நிறப் பெட்டி. கார்ப் பற்றறியில் ஓடும். அதோடு ஒரு பெரிய புனல் குழாயும் ஒரு பித்தளை மைக்கும். கலியாண வீடுகளுக்கு அதைக் கொண்டுபோனேன். என் பெயர் மறைந்து 'குழாய்க்காரன்' ஆனேன். முன்பு கூப்பிட்ட விதத்துக்கு அது எவ்வளவோ மேல்.

என் தகப்பன், அப்பு, பனை ஏறுகிறவர். நாங்கள் கோயிலுக்குள் போகக்கூடாத ஆட்கள். திருவிழா என்றால் வெளி மதிலுக்கு அப்பால் வீதியோரம் நின்று, கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு வருவோம். இதை இன்று எழுதும்போது கோபம் வருகிறது. அப்போது வரவில்லை. வெயில் எரிக்கிறதே என்று எவனாவது சூரியனோடு கோபிப்பானா?

பண்டத்தரிப்புப் பக்கத்துக் கோயில் ஒன்றின் மனேச்சர் ஆளனுப்பிக் கூப்பிட்டபோது எனக்குக் கால் நிலத்தில் படவில்லை. கலியாண வீடு வேறு, கோயில் வேறு. ஒரு கோயிலில் குழாய் நன்றாகப் பாடினால் அந்தப் பங்குனி, சித்திரை முழுக்க மற்றக் கோயில்களும் கூப்பிடும். பழுதானால் அதோடு சரி, வலிகாமம் முழுக்கப் பழுது. போய் அவருடைய வேலிப் படலைக்கு வெளியே நின்றேன். அவர் விறாந்தையில் இருந்தபடியே சத்தம் போட்டுச் சொன்னார்.

"குழாய் மரத்திலை. பெட்டி வண்டிலிலை. வண்டில் மதிலுக்கு வெளியாலை. மைக் மட்டும் உள்ளுக்கை போகும். விளங்கிச்சோ?"

"ஓம் நயினார்."

"புராணம் படிக்கேக்கை ஒரு எழுத்தும் சிதறக்கூடாது."

"சிதறாது நயினார்."

எங்கள் பக்கத்துக் கோயில்களில் புராணப் படிப்பு பெரிய காரியம். ஒருவர் ஏட்டைப் பார்த்து இராகத்தோடு செய்யுள் வாசிப்பார். பக்கத்தில் இருக்கும் இன்னொருவர் அதற்குப் பயன் சொல்லுவார், அதாவது பொருள் விரித்துச் சொல்லுவார். மண்டபத்தில் இருக்கிறவர்களுக்கு இரண்டும் விளங்கும். மதிலுக்கு வெளியே நிற்கிற எங்களுக்கு இராகம் மட்டும் வரும். சொல் வராது. அப்பு ஐம்பது வயது தாண்டியும் வீட்டில் அந்த இராகங்களை முணுமுணுப்பார், சொல்லே இல்லாமல். நான் கோயிலுக்குக் குழாய் கட்டப்போகிறேன் என்று கேள்விப்பட்டதும் அவர் சொன்னது ஒன்றுதான்.

"இந்த முறை எண்டாலும் என்ன சொல்லுகினம் எண்டு கேப்பம்."

புராணம் தொடங்கும் அன்று காலை வெள்ளனவே வண்டிலைக் கொண்டுபோய் மதிலோடு நிறுத்தினேன். வீதியில் நின்ற பூவரசில் குழாயைக் கட்டினேன். பற்றறியைக் கொழுவி, வால்வுகள் சிவந்து சூடேறும்வரை பொறுத்து, மைக்கைத் தட்டி "ஹலோ" என்றேன். வயலுக்கு அந்தப்பக்கம் மேய்ந்த மாடு தலை நிமிர்ந்தது. அவ்வளவு சுத்தமான சத்தம். எங்கள் ஆட்கள் வேலியோரமாகக் கூடி நின்றார்கள். அப்பு நடுவில் நின்று, "என்ரை பெடியன்ரை குழாய்" என்று கேட்காதவர்களுக்கும் சொல்லிக்கொண்டிருந்தார்.

மைக்கை உள்ளே கொண்டுபோக மனேச்சரின் மருமகன் வந்தார். என் வயதுதான் இருக்கும். என் கையிலிருந்து அதை வாங்கமாட்டார் என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அதனால் இருவருக்கும் சங்கடம் இல்லை. பெட்டியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு, மணலில் ஒரு வாழையிலையை விரித்து அதன்மேல் மைக்கை வைத்துவிட்டுப் பின்னால் நகர்ந்தேன். அவர் வயரோடு பிடித்துத் தூக்கிக்கொண்டு போனார். வயர் பாம்புபோல மணலில் இழுபட்டு வாசல் வரை போய், தூணுக்குப் பின்னால் மறைந்தது. அதற்கு அப்பால் நடப்பது எனக்குத் தெரியாது. என் சாமானின் பாதி என் கண்ணுக்கு எட்டாத இடத்தில் இருந்தது.

சங்கு ஊதினார்கள். சத்தத்தைக் கூட்டினேன். புராணம் தொடங்கியது. படிப்பவரின் குரல் பூவரசிலிருந்து இறங்கி வந்தபோது எங்கள் ஆட்கள் வாயைத் திறந்தபடி நின்றார்கள். ஒரு வரி வந்தது. இரண்டாவது வரி பாதியில் உடைந்தது. பிறகு எண்ணெய்ச் சட்டியில் கடுகு போட்டதுபோல ஒரே பொரியல். பொரியலுக்குள் எங்கேயோ அந்த மனுசர் பாடிக்கொண்டிருந்தார்.

சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழைத் திருகினேன். குறைத்தால் பொரியலும் குறைந்தது, கூட்டினால் அதுவும் கூடியது. வேலை தெரிந்தவனுக்கு இது போதும். கெடுதல் அந்தக் குமிழுக்கு முன்னாலேயே வந்துவிட்டது, பின்னால் இருக்கிற பெரிய வால்வுகளில் பிழை இல்லை என்று அர்த்தம். எனக்கு அது தெரியும். ஆனாலும் பெட்டியின் மூடியைக் கழற்றினேன். பெரிய வால்வுகளைத்தான் முதலில் பிடுங்கினேன். பிழை என்றால் அது என்னிடத்தில்தான் இருக்கும் என்று பிறந்ததிலிருந்து சொல்லி வளர்க்கப்பட்டவன் வேறென்ன செய்வான்?

வால்வுகளின் கால்களைச் சுரண்டித் துடைத்துப் பூட்டினேன். பொரிந்தது. சிரட்டைக்கரி அடுப்பில் இரும்பைச் சூடாக்கி, சந்தேகமான இடத்தில் எல்லாம் புதிதாக ஈயம் பற்றவைத்தேன். பொரிந்தது. நன்றாக இருந்த ஒரு கண்டென்சரைக் கழற்றி வேறொன்றைப் போட்டேன். அப்போதும் பொரிந்தது. நோயாளியை விட்டுவிட்டுப் பக்கத்தில் நின்றவனின் காலை வெட்டிய வைத்தியன் கதைதான்.

கூட்டம் என்னைச் சுற்றி வட்டம் கட்டி நின்றது. கிட்ட வராமல், தொலைவிலும் போகாமல். மனேச்சர் வாசலுக்கு வந்துவிட்டார்.

"என்னடா, உன்ரை பெட்டி பொரியுது?"

"கொஞ்சம் பொறுக்கோணும் நயினார்."

"புராணத்தை நிப்பாட்டிப்போட்டு உன்னைப் பாத்துக்கொண்டு நிக்கவோ?"

பின்னால் யாரோ, "உவங்களிட்டைக் குடுத்தால் உப்பிடித்தான்" என்றார். சிரிப்பு எழுந்தது. நான் நிமிர்ந்து பார்த்திருக்கக் கூடாது. பார்த்தேன். அப்பு வேலியோரத்தில் நின்ற இடத்தில்தான் நின்றார். ஆனால் 'என்ரை பெடியன்ரை குழாய்' என்று சொன்ன மனுசர் இப்போது குழாயைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. தோளில் கிடந்த சால்வை எப்போதோ இடுப்புக்கு இறங்கியிருந்தது. எனக்கு நிலம் பிளந்து உள்ளே போனால் நல்லது போலிருந்தது.

கடைசியாகத்தான், முதலில் செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். மைக்கின் வயரைப் பெட்டியிலிருந்து கழற்றினேன். பொரியல் நின்றது. வயர் செருகும் ஓட்டைக்குள் விரலை வைத்துத் தட்டினேன். குழாய் 'டொக், டொக்' என்று துலக்கமாகச் சொன்னது. பெட்டிக்கு ஒரு நோயும் வருத்தமும் இல்லை. வருத்தம் மதிலுக்கு உள்ளே இருந்தது.

"நயினார், மைக்கை ஒருக்கால் வெளியிலை தரச் சொல்லோணும்."

"மைக்கிலை ஒண்டும் இல்லை. பெட்டியைப் பார்."

"பாத்திட்டன் நயினார்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். நான் எதிர்த்துச் சொன்னது அவருக்கு மைக்கின் பொரியலைவிடப் பெரிய கேடாகப் பட்டிருக்க வேண்டும். நல்லகாலம், புராணம் படித்தவருக்கே பொறுமை கெட்டுவிட்டது. உள்ளேயிருந்து அவர் சத்தம் போட்டார். மருமகன் மைக்கைக் கொண்டுவந்து அதே வாழையிலையில் வைத்தார். வைத்துவிட்டு வழக்கத்துக்கு மாறாக வேகமாகப் போய், தூணைப் பார்த்தபடி நின்றுகொண்டார்.

எடுத்தேன். கை நனைந்தது.

முதலில் எனக்கு விளங்கவில்லை. செம்பு ஏதாவது தட்டுப்பட்டுத் தண்ணீர் சிந்தியிருக்கும் என்று நினைத்தேன். திருகாணிகளைக் கழற்றிப் பித்தளை முகத்தைத் திறந்தேன். அந்த மாதிரி மைக்கினுள்ளே ஒரு மெல்லிய தகடும், அதற்குப் பின்னால் கடுகிலும் சின்னதான கரிமணிகளும் இருக்கும். குரல் பட்டுத் தகடு அதிர, மணிகள் நெருங்கி விலகும். குரல் மின்சாரமாவது அப்படித்தான். அவை உலர்ந்து உதிரியாக இருக்கவேண்டும். நான் திறந்தபோது களிபோல ஒட்டிக் கிடந்தன. தகட்டின் ஓரமெல்லாம் மஞ்சள் நிறம். மூக்கு மறுபடியும் தன் வேலையைச் செய்தது. மஞ்சள் தண்ணீர் மணத்தது.

நான் தொட்ட சாமான் உள்ளே போவதற்கு முன் தீட்டுக் கழித்திருக்கிறார்கள். சீலை என்றால் தோய்க்க வேண்டும், மண்பானை என்றால் உடைக்க வேண்டும், பித்தளைக்குத் தண்ணீர் விட்டால் போதும். சின்ன வயதிலிருந்து நானும் அறிந்த கணக்குத்தான் அது. மைக்கின் முகம் பித்தளை. அவர்கள் முறைப்படிதான் செய்திருக்கிறார்கள். அதில் சல்லடைபோல ஓட்டை இருப்பதையும், ஓட்டைக்குப் பின்னால் என் சோறு இருப்பதையும் யார் யோசித்தார்கள்?

அந்த இடத்தில் எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. வெட்கம்தான் வந்தது. சபை நடுவே உடுத்த வேட்டி அவிழ்ந்தவனைப்போல, அந்த ஈரத்தை யாரும் கண்டுவிடக் கூடாதே என்று மைக்கை உள்ளங்கையில் மூடிக்கொண்டேன். தண்ணீர் ஊற்றியவர்கள் அவர்கள். ஒளித்தது நான்.

கரிமணிகளை ஒரு காகிதத்தில் கொட்டி, பெட்டியின் சூடான மேற்தகட்டில் வைத்தேன். வெயிலும் உதவியது. அவை உலர்ந்து பிரிந்து ஓடத் தொடங்கியதும் தகட்டைத் துடைத்து, மணிகளைத் திரும்ப நிரப்பிப் பூட்டினேன். "ஹலோ" என்றேன். மாடு மறுபடியும் நிமிர்ந்தது.

"என்ன பிழையடா?" என்று கேட்டார் மனேச்சர்.

வட்டம் கட்டி நின்ற அத்தனை பேரும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். வேலியோரத்தில் எங்கள் ஆட்களும். மருமகன் தூணிலிருந்து முகத்தைத் திருப்பி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கெஞ்சல் இருந்ததா, மிரட்டல் இருந்ததா, இன்றைக்கும் என்னால் சொல்ல முடியாது. உண்மையைச் சொன்னால் கோயில் முறையைக் குழாய்க்காரன் குறை சொன்னான் என்று ஆகும். அதோடு குழாயைக் கழற்றிக்கொண்டு நடையைக் கட்டவேண்டியதுதான்.

"பெட்டிக்குள்ளை ஒரு வயர் கழண்டிருந்தது நயினார். இப்ப சரி."

"வரமுன்னம் பாத்துக்கொண்டு வாறேல்லையோ?"

"பிழைதான் நயினார்."

அவருக்கு முகம் மலர்ந்தது. பிழை இருக்கவேண்டிய இடத்தில் இருந்துவிட்டது. ஆனால் எனக்கு அடுத்த கண்டம் காத்திருந்தது. இப்போது நான் மைக்கைத் தொட்டது மட்டுமல்ல, குடலைக் கிளறியும் இருக்கிறேன். திரும்ப உள்ளே போகும்போது முந்தியதைவிடக் கூடத்தான் தண்ணீர் விடுவார்கள். விடவேண்டாம் என்று சொல்லவும் முடியாது, நான்தான் அதைக் காணவேயில்லையே. வால்வு சுற்றி வந்த எண்ணெய்க் காகிதம் ஒன்று வண்டிலில் கிடந்தது. மைக்கின் முகத்தில் அதைச் சுற்றி நூலால் கட்டினேன்.

"உது ஏன்?" என்றார் மருமகன்.

"தூசிக்கு நயினார். உள்ளுக்கை வைச்சாப்பிறகு கழட்டிவிடுங்கோ."

அவர் எடுத்துக்கொண்டு போனார். இந்த முறை பெட்டியின் சத்தத்தை நான் குறைக்கவில்லை. தூணுக்குப் பின்னால் தண்ணீர் விழும் சத்தம் எனக்குக் கேட்டது. மைக்கே எனக்குச் சொல்லித் தந்தது. குழாயில் 'சொத, சொத' என்று காகிதத்தில் நீர் பட்ட சத்தம் ஊருக்கெல்லாம் கேட்டது. யாருக்கும் அது என்னவென்று தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது.

பிறகு புராணம் ஓடியது. ஒரு எழுத்தும் சிதறவில்லை. பெட்டிக்குப் பக்கத்தில் குந்தியிருந்து நான் ஒன்றை யோசித்தேன். மைக்குக்குத் தண்ணீர் விட்டார்கள், சரி. படிப்பவரின் குரல் என் வயருக்குள்ளால் வந்து, நான் துடைத்த வால்வுகளுக்குள் புகுந்து, என் குழாய் வழியே எழும்பி, மதிலுக்கு மேலால் திரும்பவும் அதே கோயிலுக்குள் போகிறதே. அந்தக் குரலுக்கு எந்தச் செம்பால் தண்ணீர் விடுவார்கள்? கேள்வி நல்ல கேள்விதான். கேட்க வாய் இருக்கவில்லை. மனதுக்குள் கெட்டிக்காரனாக இருப்பதில் என்ன லாபம்?

வீடு திரும்பும்போது அப்பு வண்டிலோடு நடந்து வந்தார்.

"புராணம் விளங்கிச்சோ அப்பு?" என்று நானே கேட்டேன்.

"விளங்கிச்சு. இராகம்தான் நல்லது. பயன் அவ்வளவுக்கு இல்லை."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கு வரவில்லை. கொஞ்சத் தூரம் போனபின் சொன்னார்.

"நான் நிண்ட இடத்திலை இருந்து வாசல் தெரிஞ்சது. முதல்தரமே அந்த மருமகன்காரன் செம்போடை தண்ணி ஊத்தினவன். நான் பாத்தனான்."

வண்டில் மாட்டை நிறுத்திவிட்டேன்.

"அப்ப ஏன் எனக்குச் சொல்லேல்லை? நான் அவ்வளவு நேரமும் பெட்டியைப் பிரிச்சுக்கொண்டு நிண்டனானே."

"நீ கண்டு பிடிச்சாப்பிறகு சொன்னனியோ?"

அதற்கு மேல் நாங்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. இருவருக்கும் ஒரே வெட்கம். அதைப் பங்குபோட்டால் குறையும் என்று யாரோ சொல்லியிருந்தால் அது பொய். அது இரண்டு மடங்கானது.

என் குழாயின் புகழ் பரவியது. அரியாலையிலிருந்து கூப்பிட்டார்கள். சாவகச்சேரிப் பக்கத்திலிருந்தும் ஆள் வந்தது. எல்லாம் கோயில்கள். எண்ணெய்க் காகிதம் ஒருதரத்துக்கு மேல் தாங்காது. பழுது எங்கே வருகிறது என்று தெரிந்தபின் அதற்கு ஏற்றபடி சாமானைத் திருத்தி வைப்பதுதான் தொழில். கடையில் மெழுகுசீலை ஒரு துண்டு வாங்கிவந்து மனைவியிடம் கொடுத்து, மைக்கின் அளவுக்கு ஒரு உறை தைக்கச் சொன்னேன். கோயிலில் நடந்தது அவளுக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை, அப்புவும் சொல்லவில்லை.

அவள் அளவெடுத்து, வெட்டி, ஊசி கோத்தாள்.

"உது என்னத்துக்கு?"

"மழைக்கு."

"சித்திரையிலையோ?"

"வந்தாலும் வரும்."

ஒரு பக்கம் தைத்து முடித்தாள். நூலைப் பல்லால் கடித்தபடி என்னைப் பார்த்தாள்.

"கோயிலிலை மைக்கை எங்கை வைக்கிறவை?"

"மண்டபத்துக்குள்ளை."

"மண்டபத்துக்குள்ளையோ மழை பெய்யிறது?"

நான் பெட்டியைத் திறந்து, நன்றாக இருந்த ஒரு வால்வைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினேன். அவள் குனிந்து, தைத்து முடித்த பக்கத்தின்மேல் மறுபடியும் ஒரு தையல் ஓட்டினாள், ஒரு சொட்டும் உள்ளே போகாதபடி.